தொட்டிப் பவளம் நிறம் மாறும்போது

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளரும் பவளம் நிறம் மங்கத் தொடங்கினால், எந்த நிறம் போயிற்று, எந்த நிறம் மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை காணாமல் விளக்கை மாற்றுவதும், வடிகட்டும் பொருள்களைக் கூட்டுவதும், கடையில் கிடைக்கும் குப்பித் திரவங்களை ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்ப்பதும் தொட்டியை மேலும் நிலைகுலைப்பதிலேயே பெரும்பாலும் முடிகின்றன. ஏனெனில் பழுப்பாகிப்போன பவளத்துக்கும் வெளிறிப்போன பவளத்துக்கும் வேண்டிய மாற்றங்கள் பல சமயங்களில் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. ஒன்றைத் தேற்றும் அதே நடவடிக்கை மற்றொன்றைக் கொன்றுவிடக்கூடும்.

பவளம் ஒரு விலங்கு. கடற்சாமந்திக்கும் சொறிமீனுக்கும் உறவான இந்த உயிரினத்தில், பாலிப் எனப்படும் குழல் வடிவச் சிற்றுயிர்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒட்டி வாழ்ந்து, அரகோனைட் என்ற சுண்ணக் கனிமத்தால் தமக்கு அடியில் கூடு கட்டிக்கொள்கின்றன. அந்தக் கூடு வெண்மையானது; அதன்மேல் படர்ந்திருக்கும் தசை மிக மெல்லியது, ஏறக்குறைய ஒளி ஊடுருவக்கூடியது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் நிறம் அனைத்தும் இந்த வெண்மைக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தசையில்தான் உருவாகிறது. அங்கே இரண்டு வேறுபட்ட மூலங்கள் உள்ளன. ஒன்று, பவளத்தின் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசி. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் இருக்கக்கூடிய இந்தக் கூட்டுயிர்ப் பாசிகள், பச்சையத்தோடு பெரிடினின் என்ற நிறமியையும் கொண்டிருப்பதால் பொன் கலந்த பழுப்பாகத் தோன்றுகின்றன. ஒளிச்சேர்க்கையால் தாம் ஆக்கும் சர்க்கரையின் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்து, அதன் கழிவிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பெற்றுக்கொள்கின்றன. மற்றொன்று, பவளம் தானே உற்பத்தி செய்யும் புரத நிறமிகள். பச்சை, சிவப்பு, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்று வளர்ப்பாளர்கள் விலை கொடுத்து வாங்கும் நிறங்கள் எல்லாம் இவற்றைச் சேர்ந்தவையே.

இந்தப் புரதங்களின் வரலாறு தனியே சுவையானது. ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஒரு சொறிமீனிலிருந்து பச்சை ஒளிர்புரதத்தைக் கண்டறிந்தார். அது பின்னர் உயிரியல் ஆய்வுக்கூடங்களின் இன்றியமையாத கருவியாகி, 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் பெற்றுத் தந்தது. சொறிமீனைப் போலத் தாமே ஒளி உமிழாத பவள இனங்களிலும் அதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு என்பதை மாஸ்கோ அறிவியலாளர்கள் 1999இல் வெளியிட்டனர். அதற்கான உயிர்கள் அந்நகரில் தொட்டிகளில் வளர்க்கப்பட்டவை. இக்குடும்பத்தில் ஒரு பிரிவு நீல ஒளியை உள்வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி உமிழ்வது. இன்னொரு பிரிவு ஒளிராமல் ஒளியை உறிஞ்ச மட்டும் செய்வது; ஊதாவும் இளஞ்சிவப்பும் ஆழ்ந்த நீலமும் பெரும்பாலும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. ஆழமற்ற கடலில் வாழும் பவளங்களில் இவற்றின் பணி, மிகுதியான வெயிலிலிருந்து பாசியைக் காக்கும் ஓலைப்பந்தலின் பணியை ஒத்தது. ஒளி, குறிப்பாக நீல ஒளி, கூடும்போது பவளம் இவற்றை அதிகமாக உற்பத்தி செய்கிறது. ஒளி குறைந்தால் ஊதாவும் நீலமும் முதலில் விடைபெறுகின்றன. பச்சை ஒளிர்புரதங்களில் பல குறைந்த ஒளியிலும் நீடிக்கின்றன.

இவ்வளவும் தெரிந்தால் நிற மாற்றத்தைப் படிப்பது எளிதாகிறது. பாசி பெருகினால் பவளம் பழுப்பாகும். பாசி குறைந்து புரத நிறமி மட்டும் மிஞ்சினால், நீர் கலந்த வண்ணம்போல மென்மையான, சில வேளை கண்ணைப் பறிக்கும் நிறம் தோன்றும். இரண்டும் போனால் தசை கண்ணாடிபோல் தெளிந்து அடியிலுள்ள கூட்டின் வெண்மை தெரியும். தசையே உரிந்து போனாலும் வெண்மைதான் தெரியும். கடைசி இரண்டும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருப்பது பல தவறான முடிவுகளுக்குக் காரணமாகிறது. முன்னதில் பவளம் உயிரோடு இருக்கிறது, உற்றுப் பார்த்தால் பாலிப்புகள் இரவில் விரிவதைக் காணலாம்; பின்னதில் கூட்டின் கூரிய விளிம்புகள் அம்மணமாகத் தெரியும், சில நாள்களில் அதன்மேல் பச்சைப் பாசி படியத் தொடங்கும்.

பழுப்பாதலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கடலில் உள்ள பவளங்களில் மிகப் பல இயல்பாகவே பழுப்பு நிறத்தவை. ஒரே இனத்திலேயே, நிறமிக்கான மரபணுப் படிகள் குறைவாக அமைந்த உயிர்கள் எந்த விளக்கின்கீழும் சிவக்கப்போவதில்லை. வண்ணமாக வாங்கி வந்த பவளம் தொட்டியில் பழுப்பானால், ஒளி போதவில்லை அல்லது நீரில் நைட்ரஜன் மிகுந்திருக்கிறது என்பதே பொதுவான காரணம்: மங்கிய ஒளியில் ஒவ்வொரு பாசி அணுவும் கூடுதல் நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது, உரம் மிகுந்த நீரில் அணுக்களின் எண்ணிக்கையே பெருகுகிறது. இரண்டிலும் பவளத்தின் சொந்த நிறம் பாசிக்குப் பின்னால் மறைகிறது. பயணக் களைப்பாலும் புதிய பவளங்கள் இவ்வாறு ஆவதுண்டு. இது வளர்ப்பவரின் கண்ணுக்குக் குறையே தவிர பவளத்தின் உடலுக்குக் குறையன்று. பழுப்புப் பவளம் நன்றாக உண்டு வளர்ந்துகொண்டிருக்கும். அதைச் சற்று உயரமான இடத்துக்கு மாற்றுவதும், மீன்களுக்கு இடும் தீனியில் மிஞ்சிக் கிடப்பதை அகற்றுவதும், பகுதி நீர் மாற்றத்தை ஒழுங்காகச் செய்வதும் போதுமானவை. பலன் மாதக்கணக்கில்தான் தெரியும்.

வெளிறல்தான் அவசரமானது, அதிலும் இன்றைய தொட்டிகளில் மிகப் பரவலானது ஊட்டக்குறையால் வருவது. இதன் பின்னணியில் பவள வளர்ப்புக் கலையின் வரலாறே இருக்கிறது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளைக் கொண்டே தொட்டி நீரைத் தூய்மையாக வைக்கும் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். பின்னர் பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் அந்தப் பாறைகளோடு, நுரையின் மூலம் கழிவை அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் வலுவான விளக்குகளையும் சேர்த்து, கிளைக்கும் அக்ரோபோரா பவளங்களை வீட்டிலேயே வளர்த்துக் காட்டினார்கள். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் மிகுந்த தொட்டிகளோடு போராடிய அந்தத் தலைமுறைக்குத் தூய்மை ஒன்றே இலட்சியமாக இருந்தது நியாயமே. ஆனால் அந்த இலட்சியத்தை அடையும் கருவிகள் பெருகிய பிறகும் அளவு தெரியாமல் அதே திசையில் ஓடியதுதான் கோளாறு. பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளும், சாராயத்தையோ வினிகரையோ சிறிது சிறிதாக ஊற்றிப் பாக்டீரியாவைப் பெருக்கி அவற்றின் மூலம் நைட்ரேட்டை வெளியேற்றும் முறையும் நீரை ஏறக்குறைய வெறுமையாக்கிவிடக்கூடியவை.

கடல் நீரும் வெறுமையாகத்தானே இருக்கிறது என்ற வாதம் இங்கே அடிக்கடி எழுகிறது. பவளத்திட்டுகளைச் சூழ்ந்த நீரில் கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தச் செறிவு குறைந்த நீர் நாளெல்லாம் ஓயாது பவளத்தின்மீது ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு நுண்ணுயிர் மிதவைகளும் மீன்களின் கழிவும் வந்து சேர்கின்றன. சில நூறு லிட்டர் நீர் மட்டுமே திரும்பத் திரும்பச் சுழலும் தொட்டியில், தீனியும் குறைந்து கரைந்த உரமும் இல்லாமற்போனால் பாசிக்குக் கிடைப்பது எதுவுமில்லை. ஒப்பிட வேண்டியது நீரிலுள்ள செறிவை மட்டுமன்று, பவளத்தை வந்தடையும் மொத்த வரவையும்தான்.

இரண்டு ஊட்டங்களுக்கும் இடையிலான சமநிலை குலைவது இன்னும் தீயது. பிரிட்டனின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மன் தலைமையிலான பவள ஆய்வுக் குழு, தன் ஆய்வுத் தொட்டிகளில் வளர்த்த பவளங்களைக் கொண்டு 2013இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்கியது. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் இல்லாமற்போனால் பாசி பெருக முயல்கிறது, ஆனால் அணுச்சவ்வுகளைக் கட்டத் தேவையான பாஸ்பரஸ் கிடைப்பதில்லை. ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வுகளின் கொழுப்பு அமைப்பே மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட பாசி சிறிது வெப்பத்தையோ வெளிச்சத்தையோகூடத் தாங்காமல், பவளம் வெளிறுகிறது. பாஸ்பேட்டை நஞ்சாகக் கருதி அதை மட்டும் துடைத்தெறிந்து, நைட்ரேட்டை அப்படியே விட்டுவிடும் தொட்டிகளில் நடப்பது இதுவே.

அளவுகளைப் பொறுத்தவரை, லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை நைட்ரேட்டும், 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை பாஸ்பேட்டும் இருக்கும் நீரில் பெரும்பாலான பவளங்கள் நன்றாக இருக்கின்றன என்பது வளர்ப்பாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்டது. இந்த எண்களை வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. சில அளவிகள் பாஸ்பேட்டைக் காட்டாமல் அதிலுள்ள பாஸ்பரசை மட்டும் காட்டுகின்றன. அந்த எண்ணை 3.07ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட் கிடைக்கும். நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனைக் காட்டும் கருவிகளில் அதே காரணத்தால் 4.43ஆல் பெருக்க வேண்டும். மேலும், பாசி மண்டிய தொட்டியில் சோதனை பூச்சியம் காட்டுவது ஊட்டம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. வந்ததை எல்லாம் அந்தப் பாசி உடனுக்குடன் உறிஞ்சியிருக்கலாம். சுண்ணப் பாறைகளும் பாஸ்பேட்டைத் தம்மேல் பிடித்து வைத்துப் பின்னர் மெல்ல விடுவிப்பவை என்பதால், ஒரு நாள் அளவீட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஊட்டக்குறை உறுதியானால் இரும்பு மணிகளை எடுத்துவிட்டு, மீன்களுக்குத் தீனியைக் கூட்டுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி. மீன் இல்லாத தொட்டிகளில் மட்டும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்களை அளந்து சேர்க்கலாம். இரண்டும் முற்றிலும் வற்றிய தொட்டியில், குமிழிகள் கோத்த பழுப்புச் சளிபோல டைனோஃபிளாஜலேட்டுகள் என்ற நுண்ணுயிர்கள் மணலை மூடுவதும் உண்டு. அதைக் கண்டு இன்னும் தூய்மைப்படுத்த முற்படுவது நிலைமையை மோசமாக்கும்.

ஒளியால் வரும் வெளிறலை ஊட்டக்குறையிலிருந்து பிரித்தறிய எளிய வழி உண்டு. விளக்கை நோக்கிய மேற்பக்கம் மட்டும் வெளிறி, கிளைகளின் நிழல் விழும் அடிப்பக்கம் பழைய நிறத்திலேயே இருந்தால் ஒளியே முதற்காரணம். மேலும் கீழும் ஒருசேர மங்கியிருந்தால் ஊட்டத்தையோ வெப்பத்தையோ நீரின் வேதியியலையோ ஆராய வேண்டும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் அலகில், வெப்பமண்டல நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல். தொட்டியில் அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும், பெரிய சதைப்பற்றுள்ள பாலிப்புகள் கொண்டவற்றுக்கு 50 முதல் 150 வரையும் பொதுவாகப் போதும். நீல எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்கு மங்கலாகத் தோன்றினாலும் பாசிக்கு மிக வலுவானவை. குழல் விளக்கிலிருந்து அவற்றுக்கு மாறும்போது பாதி வலிமையில் தொடங்கி நான்கைந்து வாரங்களில் மெல்ல உயர்த்துவதே முறை. விளக்கைத் தொடாமலே ஒளி கூடிவிடும் சந்தர்ப்பமும் உண்டு. பல மாதமாக மாற்றாதிருந்த கரித்தூளைப் புதிதாக இட்டால், நீரில் சேர்ந்திருந்த மஞ்சள் சாயல் ஓரிரு நாளில் நீங்கி, அதுவரை வடிகட்டப்பட்ட நீல ஒளி முழுவதும் பவளத்தின்மேல் விழுகிறது. காரணம் புரியாத திடீர் வெளிறல்கள் சில இதனால் வருபவை.

வெப்பத்தைப் பற்றி மன்னார் வளைகுடாவை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையிராது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் அங்குள்ள பவளத்திட்டுகள் வெளிறின. சூடான நீரில் வலுவான ஒளி படும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் சுரக்கின்றன. பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடுகிறது. தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் பொருத்தமானது. ஒரே நிலையில் இருப்பது முக்கியம். கோடையில் அறை வெப்பம் 35 டிகிரியைத் தொடும் ஊர்களில் நீர்க்குளிரூட்டி இல்லாமல் இது இயலாது. மின்விசிறியால் நீர்ப்பரப்பைக் குளிர்விப்பவர்கள், ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை என்பதால், கடல்நீரை ஊற்றினால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். உவர்ப்பின் இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு. அதை அளக்கும் ஒளிவிலகல் மானியைத் தூய நீரில் மட்டும் சரிபார்த்துவிட்டு நம்பக் கூடாது. 35 பங்கு செறிவுள்ள திட்டக் கரைசலிலும் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் பூச்சியத்தில் சரியாக நிற்கும் கருவி மேலே தவறுவதுண்டு.

காரத்தன்மை, அதாவது கூடு கட்ட வேண்டிய கார்பனேட்டுகளின் இருப்பு, கடலில் ஏறத்தாழ 7 ஜெர்மன் கடினப் பாகை. ஊட்டம் குறைந்த தொட்டியில் இதை 10, 11 என்று உயர்த்தினால் அக்ரோபோராவின் கிளைநுனிகள் கருகியதுபோல் வெளுக்கின்றன. வேகமாகக் கூடு வளர, அதை மூடத் தசையால் முடியாமற்போவதாக வளர்ப்பாளர்கள் இதை விளக்குகிறார்கள். வெறும் நுனி மட்டும் வெளுத்திருந்தால் முதலில் சோதிக்க வேண்டியது இதுதான். குழாய்நீரை நேரடியாகப் பயன்படுத்துவோர் செம்பையும் குளோராமினையும் சந்தேகிக்கலாம். ஆங்காங்கே சிறு வட்டக் கடித்தடங்களாக நிறம் போயிருந்தால் நீரில் கோளாறு தேடுவது வீண். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு, மாண்டிபோரா என்ற பவளத்தைத் தின்னும் ஓடில்லா நத்தை, அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள செந்நுண்பூச்சி ஆகியவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேட வேண்டும். மருந்துநீரில் முக்கினால் புழு விழும். அதன் முட்டைகள் தப்பும். வாரந்தோறும் பலமுறை திரும்பச் செய்யாத முக்கல் பயனற்றது.

தசை உரியும் நோய் வேறு வகை. அடியிலிருந்து மெல்ல ஏறுவதும் உண்டு, ஒரே இரவில் முழுக் கிளையையும் அழிப்பதும் உண்டு. பின்னதில் காரணம் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. இன்னும் தசை நன்றாக உள்ள பகுதியில் உரிந்த எல்லைக்கு மேலே வெட்டி, அந்தத் துண்டுகளை வேறு இடத்தில் ஒட்டி வைப்பதே எதையேனும் காப்பாற்றும் வழி.

பிரகாசமான நிறத்தை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதும் எப்போதும் சரியாவதில்லை. காயத்தைச் சுற்றியோ, அயல் உயிர் உராயும் விளிம்பிலோ தோன்றும் இளஞ்சிவப்பு, பவளத்தின் தற்காப்பு எதிர்வினை. சௌத்தாம்ப்டன் குழுவின் 2020ஆம் ஆண்டு ஆய்வு, கடலில் சில பவளங்கள் வெளிறும்போது ஏன் நியான் விளக்குபோல் ஒளிர்கின்றன என்பதை விளக்கியது: பாசி போனபின் வெண்கூட்டில் பட்டுச் சிதறும் நீல ஒளி தசைக்குள் பெருகி, நிறமி உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது, அந்த நிறமி நிழல் தர, பாசி மீண்டும் குடியேற வழி பிறக்கிறது. தொட்டியில் திடீரென அழகு கூடிய பவளத்தைப் பார்த்து மகிழும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்திய வாசகர்கள் அறிய வேண்டிய சட்டச் செய்தி ஒன்று உண்டு. கல்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகள், கருப்புப் பவளங்கள் ஆகியவற்றோடு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. இந்தியக் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். பன்னாட்டு வணிகத்திலும் கல்பவளங்கள் உரிமம் தேவைப்படும் பட்டியலில் உள்ளன. ஆகவே இங்கே பேசப்படுவது, பண்ணைகளில் துண்டு போட்டு வளர்த்த பவளங்களைப் பற்றியது.

வெளிறிய பவளத்தைத் தேற்ற, ஒளியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, வெப்பத்தையும் காரத்தன்மையையும் நிலைப்படுத்தி, இரவில் பாலிப்புகள் விரிந்திருக்கும்போது நுண்தீனி கொடுத்து வர வேண்டும். பாசியிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுபோன காலத்தில் வாய்வழி உணவுதான் அதைத் தாங்கும். பாசி திரும்பப் பல வாரங்கள் ஆகும். முதலில் வரும் நிறம் பழுப்பாகவே இருக்கும், அதைக் கண்டு பதறி மறுபடி ஊட்டத்தைக் குறைத்தால் எல்லாம் தொடக்கத்துக்கே போய்விடும். ஊதாவும் நீலமும் அதன் பின்னரே, பெரும்பாலும் புதிதாக வளரும் நுனிகளிலும் விளிம்புகளிலும் முதலில் தெரியும். முன்னேற்றத்தைக் கண்ணின் நினைவை நம்பி மதிப்பிடாமல், வாரம் ஒருமுறை அதே நேரத்தில், அதே வெள்ளை விளக்கின்கீழ், கேமராவின் நிறச் சரிசெய்தலை மாற்றாமல் படம் எடுத்து ஒப்பிடுவது நல்லது. நீல விளக்கின்கீழ் எடுத்த படத்தில் வெளிறிய பவளமும் வண்ணமாகவே தெரியும்.